ஹாலோவீனுக்கு மகனை வெளியில விடுறதோ? (முதல் முறை, ஸ்காபுறோ)

மல்லிகைப்பந்தல் | ஸ்காபுறோ | 21 அக்டோபர் 2024, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவுக்கு வந்து இன்னும் ஒரு வருசம் ஆகேல்லை. மகனுக்கு ஏழு வயசு, இரண்டாம் வகுப்பு. இஞ்ச அக்டோபர் 31, ஹாலோவீன் அண்டு பின்னேரம், பிள்ளையள் வேசம் போட்டு வீடு வீடாக் கதவைத் தட்டி மிட்டாய் வாங்கிறதாம். வகுப்பில எல்லாப் பிள்ளையளும் ஹாலோவீனுக்கு என்ன வேசம் போடுறது எண்டுதான் கதைக்கினமாம். மகனுக்கு பேட்மேன் ஆகவேணுமாம். உடுப்பும் வாங்கியாச்சு. தலையில இருந்து கால்வரை கறுப்பு. முகமூடியில கண்ணுக்கு விட்ட ஓட்டை என்ர பெருவிரல் அளவுதான் இருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லுறா, கொண்டு வாற மிட்டாய் ஒவ்வொண்டையும் குறுக்கால வெட்டிப் பாக்கவேணுமாம். உள்ளுக்கை ஊசி, பிளேட் வைச்சுக் குடுக்கிற ஆக்கள் இருக்கினமாம். வாட்ஸ்அப்பில கஞ்சா மிட்டாய்ப் படமும் வந்திருக்கு. மனுசன் வேலையால வர ஏழு மணி ஆகும். கையில ஒண்டரை வயசு மகள் வேற. அதோட இந்த முறை தீபாவளியும் அதே 31ஆம் திகதி, வியாழக்கிழமை. பட்டுவேட்டியோ வவ்வால் உடுப்போ எண்டு வீட்டில ஒரே வழக்கு.

ஊரில இருக்கேக்கை, தெரியாத வீட்டில தண்ணிகூட வாங்கிக் குடிக்காதை எண்டு சொல்லி வளத்த பிள்ளை. இஞ்ச நானே கூட்டிக்கொண்டு போய், தெரியாத வீட்டுக் கதவைத் தட்டு எண்டு சொல்லவேணும். மனசு ஒப்புதில்லை. விடாமல் விட்டால் அடுத்தநாள் வகுப்பில மகனுக்கு மட்டும் சொல்ல ஒண்டும் இருக்காது. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

எடிசன்வாசி | நியூ ஜெர்சி | 21 அக்டோபர், இரவு 10.15

விடுங்க, தாராளமா விடுங்க. நாங்க ஒரே ஒரு சட்டம் வெச்சிருக்கோம்: வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒண்ணையும் வாயில போடக்கூடாது. வந்ததும் மேசையில கொட்டி, பாக்கெட் பிரிஞ்சது, பேர் தெரியாதது, கையால சுத்தினது எல்லாத்தையும் ஓரம் கட்டிருவோம். கிளம்பறதுக்கு முன்னாடி வயிறு நிறைய சாப்பாடு போட்டு அனுப்பினா பாதி வழியில பையில கை விடமாட்டான்.

ராத்திரி டியூட்டி | நியூ ஜெர்சி | 22 அக்டோபர், காலை 8.05

மல்லிகைப்பந்தல் அக்கா, நான் குழந்தைங்க எமர்ஜென்சில நர்ஸ். எட்டு ஹாலோவீன் ராத்திரி வேலை பார்த்திருக்கேன். மிட்டாய்க்குள்ள ஊசி இருந்துச்சுன்னு ஒரு குழந்தையைக்கூட நான் பார்த்தது கிடையாது. வந்ததெல்லாம் வேற. நீளப் பாவாடை கால்ல மாட்டி, படிக்கட்டுல விழுந்து தாடை கிழிஞ்ச ஆறு வயசு இளவரசி. பூசணிக்காய் செதுக்கும்போது உள்ளங்கையில கத்தி இறங்கின பையன். வேர்க்கடலை இருக்கிற சாக்லேட்டைத் தெரியாம கடிச்சு உதடு வீங்கின பாப்பா. அப்புறம், கார்ல அடிபட்ட குழந்தைங்க.

கார் பத்தித்தான் நீளமா எழுதப்போறேன். ஊசிக்குப் பயப்படற அளவுக்குக் காருக்கு யாரும் பயப்படறதில்லை, அதான் எனக்கு வருத்தம்.

1975லேருந்து 2016 வரைக்கும் அமெரிக்காவுல 42 ஹாலோவீன் ராத்திரிகள்ல, நடந்து போனவங்க எத்தனை பேர் வண்டியில அடிபட்டுச் செத்தாங்கன்னு கனடா டாக்டர்கள் எண்ணிப் பார்த்தாங்க. ஜாமா பீடியாட்ரிக்ஸ்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. சாயங்காலம் 5 மணியிலேருந்து நடுராத்திரி வரைக்கும் கணக்கு. அந்த 42 ராத்திரியில 608 பேர். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு, ஒரு வாரம் பின்னாடி ஒண்ணுன்னு 84 ராத்திரி எடுத்தாங்க. அந்த 84க்கும் சேர்த்தே 851 பேர்தான். ஒரு ராத்திரிக்குன்னு வகுத்தா ஹாலோவீன்ல 43 சதவீதம் அதிகம். நாலுலேருந்து எட்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைங்களை மட்டும் எடுத்தா பத்து மடங்கு. ஆபத்து உச்சத்துக்குப் போறது 6 மணி வாக்குல.

நாடு முழுக்கப் பார்த்தா ஒரு ஹாலோவீனுக்கு ஏறக்குறைய நாலு சாவுதான் கூடுதல், அதனால வீட்டுக்குள்ள பூட்டி வைக்கணும்னு நான் சொல்லல. ஆனா உங்க மகனுக்கு ஏழு வயசு. கிளம்பற நேரம் எப்படியும் ஆறு மணி வாக்குல இருக்கும். உடுப்பு முழுக் கறுப்பு. முகமூடியில ஓரக்கண் பார்வையே கிடையாது. இந்த நாலையும் பிரிச்சு விட்டாப் போதும். முகமூடியை வீட்டுலயே விட்டுட்டு முகத்துல மை வரைஞ்சு விடுங்க. ரெண்டு நாள் முன்னாடியே கைத்தண்டையில கொஞ்சம் தடவி, அரிக்குதான்னு பார்த்துக்கோங்க.

மல்லிகைப்பந்தல் | 22 அக்டோபர், பகல் 12.30

நன்றி தங்கச்சி. பத்து மடங்கு எண்டதை மூண்டு தரம் திருப்பி வாசிச்சன். நான் கத்தியை எடுத்து மிட்டாய் வெட்டுறதுக்கு ஆயத்தமா இருந்தனான், ரோட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பஸ்காரன் | ரொறொன்ரோ | 22 அக்டோபர், இரவு 11.50

தங்கச்சி, நான் பத்தொன்பது வருசமா பஸ் ஓட்டுறன். தாதிப்பிள்ளை சொன்னது அத்தனையும் சரி. ஓட்டுற கதிரையில இருந்து பாத்தால் என்ன தெரியும் எண்டதை நான் சொல்லுறன்.

31ஆம் திகதி இஞ்ச சூரியன் மறையிறது ஆறு மணி கழிஞ்சு ஏழெட்டு நிமிசத்தில. அதுக்குப் பிறகு வாற அரை மணித்தியாலம்தான் எங்களுக்குக் கண் பிடிபடாத நேரம். வானத்தில வெளிச்சம் கிடக்கும், ரோட்டில கிடக்காது. வேலை முடிஞ்ச சனம் வீட்டுக்குப் பறக்கிறதும் அந்த நேரம், சின்னப் பிள்ளையள் வெளிக்கிடுறதும் அந்த நேரம். இந்த முறை வியாழக்கிழமை, வேலைநாள்.

ஏழெட்டு வருசத்துக்கு முந்தின ஹாலோவீன். ஆறு இருபது இருக்கும். ரோட்டு ஓரம் முழுக்கக் கார் நிப்பாட்டி இருக்கு. நான் மெல்லத்தான் வாறன். ஒரு வானுக்கும் ஒரு காருக்கும் இடையால ஒரு பெடியன் வந்து விழுந்தான். ஓடி வந்தவன் இல்லை, அங்கியின்ர விளிம்பை மிதிச்சு விழுந்தவன். கறுப்பு அங்கி. நான் முதல் கண்டது பெடியனை இல்லை, கையில இருந்த வெள்ளைத் தலையணை உறையைத்தான். பிறேக்கில ஏறி நிண்டன். பஸ்ஸுக்குள்ள ஆக்கள் கத்தினவை. பஸ் நிண்டபிறகு பாத்தால் அவனுக்கும் பம்பருக்கும் நடுவில ஒரு ஆள் படுக்கிற அளவு இடம். அவன் எழும்பி என்னை நிமிர்ந்தும் பாக்கேல்லை. குனிஞ்சு, ரோட்டில கொட்டுண்ட மிட்டாயை ஒவ்வொண்டாப் பொறுக்கினான். பச்சைக் கடதாசி சுத்தினது ஒண்டு என்ர முன் சில்லுக்குக் கீழ போயிட்டுது, அதையும் கையை விட்டு எடுத்தான். தாய் நடைபாதையில தொட்டில் வண்டிலோட நிண்டு பேரைச் சொல்லிக் கத்துறா. நான் கதவைத் திறக்கவும் மறந்து ஸ்டியறிங்கைப் பிடிச்சபடி இருந்தன். கை நடுக்கம் நிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அந்தத் தலையணை உறை வெள்ளையா இருந்தபடியால்தான் அவன் தப்பினவன். அதாலதான் இவ்வளவும் எழுதுறன்.

50 கிலோமீற்றர் வேகத்தில வாற கார் ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் போகும். ஓட்டுற ஆள் கண்டு, விளங்கி, காலை பிறேக்குக்குக் கொண்டு போகவே இருபது மீற்றர் முடிஞ்சிடும். அதுக்குப் பிறகுதான் பிறேக் பிடிக்கத் தொடங்கும். அதனால பிள்ளையைத் தூரத்திலயே தெரியப் பண்ணவேணும். டொலர் கடையில ஒளி தெறிக்கிற டேப் வாங்குங்கோ. வெறும் மஞ்சள், ஒரேஞ்ச் நிறத் துணி இருட்டில உதவாது, ஹெட்லைட் பட்டால் திருப்பி அடிக்கிற டேப்தான் வேணும். முதுகில மட்டும் ஒட்டாதேங்கோ. கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு எண்டு அசையிற இடத்தில சுத்தி ஒட்டுங்கோ. ஹெட்லைட் தாழத்தான் அடிக்கும், கால் முதல்ல வெளிச்சத்துக்குள்ள வரும். அந்தக் கீற்று மேலயும் கீழயும் ஆடேக்கைதான் அது குப்பைத்தொட்டி இல்லை, நடக்கிற பிள்ளை எண்டு எங்கட மூளைக்கு உடன பிடிபடும்.

மற்றது, தெருவின்ர ஒரு பக்கத்து வீடுகள் எல்லாம் முடிச்சிட்டு, மூலைச் சந்தியில கடந்து, மற்றப் பக்கம் வாங்கோ. இந்த வீடு, எதிர் வீடு எண்டு குறுக்கும் மறுக்கும் போறதுதான் பொல்லாதது. நிப்பாட்டின காருகளுக்கு இடையால ஒருக்காலும் வேண்டாம்.

தென்றல்73 | மிசிசாகா | 23 அக்டோபர், காலை 7.20

பஸ்காரன் அண்ணா எழுதினதைப் படிச்சுட்டு வயிறு கலங்கிப் போச்சு. எனக்கு வேற கேள்வி. மகளுக்குப் பதிமூணு வயசு. இந்த வருசம் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரோட மட்டும் போகணுமாம், அம்மா வரக்கூடாதாம். பாதுகாப்புக் குறிப்புகள்ல பன்னிரண்டு வயசுக்குக் கீழ பெரியவங்க கூடப் போகணும்னு சொல்றாங்க. அதைக் காட்டி, "எனக்குப் பதிமூணு ஆச்சே"ன்னு வாதாடறா. என்ன சொல்லி அனுப்பறது?

டாலஸ் தாத்தா | டெக்சஸ் | 23 அக்டோபர், காலை 11.00

நான் இந்த ஊருக்கு வந்தது 1981இல். ஊசி, விஷம் என்ற பேச்சு அப்போது உச்சத்தில் இருந்தது. பிள்ளைகள் கொண்டுவந்த மிட்டாயை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சில மருத்துவமனைகளே ஏற்பாடு செய்தன. என் மனைவியும் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாள். அந்தப் பயத்துக்குப் பின்னால் எங்கள் மாநிலத்துச் சம்பவம் ஒன்று உண்டு. 1974 ஹாலோவீன் இரவில், ஹூஸ்டன் பக்கத்தில், எட்டு வயதுச் சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய்ப் பொடியைத் தின்று இறந்தான். ஊரே நடுங்கியது. விசாரித்தபோது, கொடுத்தவன் பெற்ற தகப்பன் என்று தெரிந்தது. காப்பீட்டுப் பணத்துக்காகச் செய்திருக்கிறான். சந்தேகம் வராமல் இருக்க மற்றப் பிள்ளைகளுக்கும் அதே பொடியைக் கொடுத்திருந்தான். யாரும் தின்பதற்குள் போலீஸ் மீட்டுவிட்டது. 1984இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது.

டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதல் வந்த செய்திகளையெல்லாம் தோண்டி எடுத்துப் பார்த்தார். முன்பின் தெரியாதவர் நஞ்சு கலந்து கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாகவோ பெரிய பாதிப்புக்கு ஆளானதாகவோ உறுதியான ஒரு சம்பவமும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஸ்காபுறோ அம்மா நிம்மதியாகத் தூங்கலாம். பிரிந்த பாக்கெட்டைத் தூக்கி எறிந்தால் போதும்.

தென்றல் அம்மாவுக்குச் சொல்ல எனக்கு வேறொரு கதை இருக்கிறது. 1992 அக்டோபரில், பக்கத்து லூசியானாவில் பேட்டன் ரூஜ் நகரம். ஜப்பானிலிருந்து படிக்க வந்த யோஷிஹிரோ ஹட்டோரி என்ற பதினாறு வயதுப் பையன், நண்பனோடு ஹாலோவீன் விருந்துக்குப் போனான். வீடு மாறிவிட்டது. தட்டிய வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வெளியே வந்து, அசையாதே என்று ஆங்கிலத்தில் கத்தினார். அந்தச் சொல் அவனுக்கு விளங்கவில்லை என்றுதான் பிறகு எல்லோரும் பேசினார்கள். சிரித்த முகத்தோடு முன்னால் நடந்தான். சுடப்பட்டு இறந்தான். சுட்டவரைக் குற்றவியல் நீதிமன்றம் விடுவித்தது. வேற்று நாட்டிலிருந்து வந்த பிள்ளைகளை வளர்க்கும் நாம் அதை எப்படி மறப்போம்?

கனடாவும் டெக்சஸும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். ஆனாலும் பதிமூன்று வயதுப் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். வாசல் விளக்கு எரிந்தால் வாருங்கள் என்று பொருள். அணைந்திருந்தால் அந்த வீட்டுப் படியே ஏறக்கூடாது. பக்கவாட்டு முற்றம் வழியாகக் குறுக்கே போகக்கூடாது. பொம்மைத் துப்பாக்கி, பொம்மைக் கத்தி எதையும் கையில் தரவேண்டாம். எந்த வீட்டுக்குள்ளும் நுழையக்கூடாது, வாசலோடு சரி. எந்தெந்தத் தெரு என்று முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் பல தெருக்களுக்கு நடைபாதையே இல்லை. அங்கே எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி இடது ஓரமாக நடக்க வேண்டும்.

எடிசன்வாசி | 23 அக்டோபர், மதியம் 1.10

தென்றல், என் பெரியவளுக்கும் அதே வயசு. ஃபோன் முழு சார்ஜோட சட்டைப்பையில இருக்கணும், ரோடு கடக்கும்போது கையில இருக்கக்கூடாது. எட்டரை மணிக்கு வீடு. நாலு பேரும் சேர்ந்தே போகணும், சேர்ந்தே வரணும், ஒருத்திக்குக் கால் வலின்னா நாலு பேரும் திரும்பணும். போன வருசம் நான் ரெண்டு தெரு தள்ளி பெஞ்சுல உக்காந்திருந்தேன். அவளுக்கும் தெரியும், கண்டுக்கல.

கிழக்கு வெளுக்கும் | மார்க்கம் | 23 அக்டோபர், மாலை 5.45

எனக்கு இதில கொஞ்சமும் உடன்பாடில்லை. தீபாவளி அண்டு கோயிலுக்குப் போய், பெரியாக்களைக் கும்பிட்டு, இனசனத்தோட இருக்கிறதை விட்டிட்டு, மண்டையோட்டுச் சட்டை போட்டு வீடு வீடாக் கேட்டு வாங்கித் தின்னவோ பிள்ளையளைப் பழக்கிறது? பாதுகாப்பு எண்டால் வீட்டோட இருக்கிறதுதான் பாதுகாப்பு.

பஸ்காரன் | 23 அக்டோபர், இரவு 11.35

அண்ணை, உங்கட மனசு விளங்குது. என்ர அம்மாவும் இதையேதான் சொன்னவா. மார்கழியில நாங்கள் சின்னப்பிள்ளையளா விடியப்புறம் வீடு வீடாத் திருவெம்பாவை பாடிக்கொண்டு போனனாங்கள்தானே, போற வீட்டில தேத்தண்ணி குடுத்தவைதானே. இஞ்சத்தைப் பிள்ளையளுக்குத் தெருவே தங்கட தெரு எண்டு தெரியிறது வருசத்தில இந்த ஒருநாள்தான். காலமை கோயிலுக்குப் போய், பின்னேரம் இதுக்குப் போகலாம்.

நிலா அம்மா | மிசிசாகா | 24 அக்டோபர், காலை 9.30

என் சின்ன மகளுக்கு வேர்க்கடலை, முந்திரி ரெண்டும் ஆகாது. மிட்டாய் குடுக்கப் போறவங்ககிட்டயும் வாங்கப் போறவங்ககிட்டயும் எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு.

ஹாலோவீனுக்கு விக்கிற அந்தக் குட்டி சைஸ் சாக்லேட்ல பல நேரம் தனித்தனியா சேர்மானம் அச்சிட்டிருக்காது. வெளியில இருக்கிற பெரிய பையிலதான் இருக்கும், அது குடுக்கிறவங்க வீட்டுக் குப்பையில போயிடும். அதோட பெரிய சைஸ்ல கடலை இல்லாத சாக்லேட்டும் குட்டி சைஸ்ல கடலை ஓடற மெஷின்ல செஞ்சதா இருக்கலாம். "எப்பவும் சாப்பிடறதுதானே"ன்னு நினைச்சு ஒருதரம் நான் குடுத்துட்டேன். பத்து நிமிசத்துல கழுத்து முழுக்கத் தடிச்சு இருமல் வந்துச்சு. எபிபென் (ஒவ்வாமைக்கு உடனே போடற ஊசி) போட்டு ஆம்புலன்ஸ்ல போனோம். அதுக்கப்புறம் எபிபென் இல்லாம நான் தெரு முனை வரைக்கும்கூடப் போறதில்லை. இப்ப அவ வாங்கிட்டு வர்றதுல ஆகாததை எல்லாம் நான் விலைக்கு வாங்கிக்கறேன், ஒண்ணுக்கு ஒரு ஸ்டிக்கர்னு.

வாசல்ல பச்சை கலந்த நீலத்துல, மயில்கழுத்து மாதிரி ஒரு பூசணிக்காய் வெச்சிருந்தா, அந்த வீட்டுல சாப்பிடற பொருள் இல்லாத வேற ஏதாவதும் குடுப்பாங்கன்னு அர்த்தம். உணவு ஒவ்வாமைக்காக வேலை செய்யற ஃபேர் அமைப்பு 2014ல அமெரிக்கா முழுக்கப் பரப்பினது, இப்ப கனடாவுலயும் வைக்கறாங்க. பென்சில், ஸ்டிக்கர், சோப்புக் குமிழி ஊதறது ஏதாவது பத்து வாங்கித் தனிக் கிண்ணத்துல வையுங்க. போன வருசம் எங்க தெருவுல ஒரே ஒரு வீட்டுல அந்தப் பூசணி இருந்துச்சு. அந்த வீட்டுக்கு என் பொண்ணு மூணு தடவை போனா. மூணு தடவையும் அந்தப் பாட்டி முதல் தடவை பார்க்கற மாதிரியே குடுத்தாங்க.

தயவு செஞ்சு தீபாவளின்னு கடலை மிட்டாயோ முந்திரி போட்ட லட்டோ முன்பின் தெரியாத குழந்தை கையில குடுக்காதீங்க. பக்கத்து வீட்டுக்குத் தட்டுல எடுத்துட்டுப் போய், அவங்க கையில குடுத்து, என்ன போட்டிருக்குன்னு சொல்லிட்டு வாங்க.

வாசற்படி | பிராம்ப்டன் | 25 அக்டோபர், இரவு 8.00

இந்த வருடம்தான் சொந்த வீட்டுக்கு வந்தோம். தீபாவளிக்குப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் அகல் விளக்கு வைக்க மனைவிக்கு ஆசை. அதே படியில்தான் பிள்ளைகள் ஏறி வருவார்கள். வைக்கலாமா?

ராத்திரி டியூட்டி | 26 அக்டோபர், காலை 7.50

வாசற்படி அண்ணா, படியில எண்ணெய் விளக்கு வேண்டவே வேண்டாம். கடையில வாங்கற காஸ்ட்யூம் பெரும்பாலும் பாலியஸ்டர். தீ பிடிச்சா உருகித் தோல்ல ஒட்டிக்கும். பின்னாடி தொங்கற அங்கி எங்க உரசுதுன்னு குழந்தைக்குத் தெரியவே தெரியாது. அகல் விளக்கை ஜன்னல் மாடத்துல, கை எட்டாத உயரத்துல வையுங்க. படியில பேட்டரி விளக்கு வெச்சா வழியும் தெரியும். தோட்டத்து ஹோஸ் குழாய், சைக்கிள் எல்லாத்தையும் எடுத்துடுங்க. நாய் இருந்தா அன்னிக்கு உள் அறையில இருக்கட்டும்.

மத்தாப்பு கொளுத்தறவங்க எல்லாருக்கும் சொல்றேன். கம்பி மத்தாப்போட நுனி 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். காஸ்ட்யூமைக் கழட்டி, பருத்தித் துணி மாத்தின பிறகுதான் மத்தாப்பு, ரெண்டும் ஒரே நேரத்துல வேண்டாம். தப்பித் தவறி பத்திக்கிச்சுன்னா ஓடக்கூடாது, அப்படியே தரையில படுத்து உருளணும். இதைக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒருதரம் கம்பளத்துல உருட்டிக் காட்டிப் பழக்குங்க, குழந்தைங்களுக்கு விளையாட்டாவும் இருக்கும்.

மல்லிகைப்பந்தல் அக்காவுக்கு ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. வீடு திரும்பினதும் பெரியவன் பையைத் தரையில கொட்டுவான். ஒன்றரை வயசுப் பாப்பா தவழ்ந்து வந்து ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கும். கெட்டி மிட்டாய், உருண்டை பபிள்கம், முழுக் கடலை இதெல்லாம் நாலு வயசுக்குக் கீழ தொண்டையில அடைச்சுக்கும். கொட்டறது உயரமான மேசையில இருக்கட்டும், சின்னவ இடுப்புல இருக்கட்டும்.

கஞ்சா மிட்டாய் பத்திக் கேட்டிருந்தீங்க. கனடாவுல கடையில விக்கற பாக்கெட்டுல டி.எச்.சி. (கஞ்சாவுல போதை தர்ற பொருள்) 10 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது. பிரபல மிட்டாய் மாதிரியே உறை போட்டுக் கள்ளத்தனமா விக்கறதுல 500, 600னு அச்சிட்டிருப்பாங்க. காசு குடுத்து வாங்கினதை யாரும் ஊர்க் குழந்தைக்கு அள்ளிக் குடுக்கறதில்லை. எங்ககிட்ட வர்ற குழந்தைங்க பெரும்பாலும் வீட்டுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ பெரியவங்க வெச்சிருந்ததை எடுத்துச் சாப்பிட்டவங்க. உறையில பேர், எழுத்து கொஞ்சம் மாறியிருந்தாலும் தூக்கிப் போடுங்க. சாப்பிட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல காரணமில்லாம தூங்கி வழிஞ்சா, நடை தள்ளாடினா, காத்திருக்க வேண்டாம். விஷமுறிவு மையத்துக்கு அமெரிக்காவுல 1-800-222-1222, கனடாவுல 1-844-764-7669. எழுப்பி எழும்பலன்னா, மூச்சு சரியில்லன்னா நேரா 911. கையில கட்டற ஒளிரும் குச்சியைக் கடிச்சு உள்ள இருக்கற தண்ணி வாயில பட்டாலும் அந்த மையத்துக்கே கூப்பிடலாம். பெரும்பாலும் வாயைக் கழுவினாப் போதும்.

மல்லிகைப்பந்தல் | 30 அக்டோபர், இரவு 10.20

டேப் வாங்கியாச்சு. அங்கியின்ர விளிம்பைக் கணுக்காலுக்கு மேல மடிச்சுத் தைச்சிட்டன். முகமூடி வேண்டாம் எண்டதுக்கு ஒருநாள் முழுக்க அழுகை. கடைசியில, வகுப்பில போடலாம், ரோட்டில கழட்டிப் பைக்குள்ள வைக்கவேணும் எண்டு ஒப்பந்தம். மனுசன் நாளைக்கு அரைநாள் லீவு கேட்டிருக்கிறார். கிடைச்சால் அவர் மகனோட, நான் வாசல்ல மகளோட.

மல்லிகைப்பந்தல் | 1 நவம்பர், காலை 10.05

எல்லாருக்கும் சொல்லவேணும் எண்டு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டு வந்த கையோட எழுதுறன்.

மனுசனுக்கு லீவு கிடைக்கேல்லை. அஞ்சரைக்கே, வெளிச்சம் இருக்கேக்கையே வெளிக்கிட்டம். மகளைத் தள்ளுவண்டிலில வைச்சு, வண்டிலின்ர சில்லிலயும் டேப் சுத்தினன். எங்கட தெருவின்ர இடப்பக்கம் பதினாலு வீடு, பிறகு சந்தி, பிறகு வலப்பக்கம். சந்தி வந்ததும் வண்டில் பிடியில கையை வைக்கவேணும் எண்டு மகனைப் பழக்கினனான். முதல் தரம் நான் சொல்லித்தான் வைச்சவர். இரண்டாம் தரம் சொல்ல முதலே வைச்சிட்டு, "அம்மா, அந்தக் கார்க்காரர் எங்களைப் பாத்திட்டார், இப்ப போவம்" எண்டார். நான் நிமிர்ந்து பாக்கிறன், காரில இருந்த அந்தப் பெண் கையைக் காட்டி, போங்கோ எண்டு நிக்கிறா.

ஒரு வீட்டில நாய் குலைச்சுது, அந்த வீட்டை விட்டிட்டம். மயில்கழுத்து நிறப் பூசணி ஒண்டு கண்டம், நிலா அம்மா, உங்களைத்தான் நினைச்சன். ஒரு வீட்டில வெள்ளைக்கார ஐயா ஒருவர் மகன்ர காலைப் பாத்திட்டு, நாலு வீட்டுக்கு அங்காலயே மின்னினது எண்டு சொன்னார். ஏழு மணிக்கு மனுசன் வந்து சேர, குளிச்சு, வேட்டி கட்டி, விளக்கேத்திக் கும்பிட்டம். மிட்டாய் மேசையில, மகள் என்ர இடுப்பில. உறை பிரிஞ்சது மூண்டு, அதை எறிஞ்சன். மிச்சம் ஒண்டையும் வெட்டேல்லை.

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஒரே ஒரு கேள்வி. அந்த டேப் உடுப்பில பிடிச்சுப்போய்க் கிடக்கு, உரிச்சால் துணியும் சேந்து வருது. என்ன செய்யிறது?

பஸ்காரன் | 1 நவம்பர், பகல் 2.15

உரிக்காதேங்கோ தங்கச்சி, அப்பிடியே விடுங்கோ. மிச்ச டேப் இருக்குமெண்டால் எடுத்து வையுங்கோ. வாற ஞாயிறு, 3ஆம் திகதி விடியப்புறம் மணி ஒண்டு பின்னுக்குப் போகுது. திங்கட்கிழமை பின்னேரம் அஞ்சு மணி தாண்டின உடன இருட்டு. பள்ளிக்கூடம் முடிஞ்சு வகுப்பு, நீச்சல் எண்டு போய் வாற பிள்ளையள் எல்லாம் வாற மாசி வரைக்கும் இருட்டுக்குள்ளதான் ரோட்டைக் கடக்கப்போகினம். கடையில விக்கிற குளிர் ஜாக்கெட்டுகளில பாதி கறுப்பு, மிச்சப் பாதி கடும் நீலம். மகன்ர ஜாக்கெட்டின்ர இரண்டு கை நுனியிலயும் ஒரு சுத்து, புத்தகப் பையின்ர அடியில ஒரு நீளம், சப்பாத்தின்ர பின்பக்கம் ஒரு துண்டு. ஞாயிற்றுக்கிழமையே ஒட்டிவிடுங்கோ.